ஆம், இல்லை, தெரியவில்லை

வேர்ட்பிரஸ்ஸில் இயங்கும் ஓர் இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் வாங்கிய மூன்று பொருள்களில் ஒன்று பழுது. அதற்குரிய 600 ரூபாயைத் திருப்பித் தருவதற்காகக் கடைக்காரர் நிர்வாகப் பக்கத்தில் ரீஃபண்ட் பொத்தானை அழுத்துகிறார். கடையின் சர்வரில் இருக்கும் பிளகின் அந்தக் கோரிக்கையைப் பேமெண்ட் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. இந்த இடத்தில் நடந்திருக்கக்கூடியவை இரண்டு. கோரிக்கை போய்ச் சேரவே இல்லை, பணம் நகரவில்லை. அல்லது, கோரிக்கை சேர்ந்து, 600 ரூபாய் வாடிக்கையாளர் கணக்குக்குப் புறப்பட்டுவிட்டது. ‘முடிந்தது’ என்ற செய்திதான் வழியில் தொலைந்தது. கடையின் சர்வரில் இருந்து பார்க்கும்போது இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். பெரும்பாலான பிளகின் நிரல்களோ, இந்த இடத்தில் ‘பிழை என்றால் தோல்வி’ என்று ஒரே வரியில் முடிவெடுத்துவிடுகின்றன. ‘ரீஃபண்ட் தோல்வியடைந்தது, மீண்டும் முயலவும்’ என்று திரையில் வருகிறது. கடைக்காரர் மீண்டும் அழுத்துகிறார். முதல் கோரிக்கை சேர்ந்திருந்தால், மொத்தம் 1,200 ரூபாய் போகிறது. பதில் வராததை ‘இல்லை’ என்ற பதிலாக எடுத்துக்கொண்டதுதான் இங்கே கோளாறு. இணைப்பு அறுவதைக் கையாளும் நிரலுக்கு ஆம், இல்லை என்ற இரண்டு விடைகள் போதாது. ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது விடையையும் அது ஒரு முழு நிலையாக மதித்து, அதற்கென்று தனி வழி வைத்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரை வலியுறுத்துவது அதை மட்டுமே.

உடனே எழும் ஆட்சேபம் இது: இணையத்தின் அடித்தளமான டிசிபி நெறிமுறையே, அனுப்பியது ஒழுங்காகச் சேர்வதற்குத்தானே உருவாக்கப்பட்டது? உண்மைதான். 1981-ல் வெளியான டிசிபி வரையறை, ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் கொடுத்து, வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை கேட்டு, ஒப்புகை வராவிட்டால் மறுபடி அனுப்புகிறது. ஆனால் அந்த ஒப்புகையைத் தருவது மறுமுனையில் உள்ள இயங்குதளம். பைட்டுகள் தன் இடைச்சேமிப்புக்கு வந்துவிட்டன என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அவற்றைப் படித்து, கணக்கில் பதிந்து, பணத்தை நகர்த்த வேண்டிய நிரல் அடுத்த நொடியே செயலிழந்துபோயிருக்கலாம். நம் பக்கத்திலும் இதே கதைதான். நிரல் ஒன்றை எழுதி அனுப்பியதும் ‘வெற்றி’ என்று இயங்குதளம் சொல்வது, நான் வாங்கி வைத்துக்கொண்டேன் என்ற அளவில்தான். மறுமுனை ஏற்கெனவே மூடியிருந்தாலும் முதல் எழுத்து முயற்சி பிழையின்றி முடியக்கூடும். அதற்கு எதிர்வினையாக மறுப்புச் சமிக்ஞை வந்த பிறகு, அடுத்த முயற்சியில்தான் பிழை தலைகாட்டும். சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவர் 1984-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுவே: நடுவிலுள்ள அடுக்குகள் எவ்வளவு நம்பகமாக இருந்தாலும், வேலை முடிந்ததா என்பதை இரு முனைகளிலும் உள்ள பயன்பாடுகள் மட்டுமே உறுதிசெய்ய முடியும்.

நடுவிலுள்ள அடுக்கு எப்போதும் வாய் திறந்து பேசும் என்றும் எதிர்பார்க்க முடியாது. இணைப்பு அறுவதில் மூன்று விதம் உண்டு. மறுமுனை முறையாக விடைபெற்று மூடலாம். ‘இப்படி ஓர் இணைப்பே எனக்குத் தெரியாது’ என்று முகத்தில் அடித்தாற்போல் முறிக்கலாம். மூன்றாவது, வெறும் மௌனம். மின்சாரம் போய்விட்ட சர்வர் விடைபெறுவதில்லை. இடையிலுள்ள ஒரு ஃபயர்வால், வெகுநேரம் பேச்சில்லாத இணைப்பைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் அதை இரு முனைகளுக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்த மௌனத்தை டிசிபி எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ளும் தெரியுமா? லினக்ஸின் இயல்பமைப்பில், இணைப்பு தொடங்கும் முயற்சியைக் கைவிடவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். இணைப்பு ஏற்பட்ட பின் அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வராவிட்டால், கைவிட ஏறக்குறைய 15 நிமிடம். எதையும் அனுப்பாமல் பதிலுக்காகக் காத்திருக்கும் முனைக்கோ கால எல்லையே கிடையாது. உயிரோடு இருக்கிறாயா என்று விசாரிக்கும் ஏற்பாடு டிசிபியில் உண்டு. ஆனால் அதை நிரல் கேட்டு வாங்க வேண்டும், வாங்கினாலும் இயல்பாக இரண்டு மணி நேரம் கழித்துத்தான் முதல் விசாரணை போகும். ஆகவே ‘அறுந்துவிட்டது’ என்பதே பல நேரங்களில் நிரல் தானாக விதித்துக்கொண்ட காலக்கெடுவின் தீர்ப்பு. இவ்வளவு நேரம் காத்திருந்தேன், இனி முடியாது என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை.

இன்னும் ஒப்புகைகளைச் சேர்த்துக்கொண்டே போனால் இந்தத் தெரியாமை தீர்ந்துவிடாதா? தீராது, அதற்கு நிரூபணமே உண்டு. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை திரும்பி வராவிட்டால், கடிதம் தொலைந்ததா அட்டை தொலைந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. அட்டை வந்துசேர்ந்ததற்கு இன்னோர் அட்டை அனுப்பச் சொன்னால், அதே சந்தேகம் எதிர்ப்பக்கத்துக்கு இடம்மாறும். எத்தனை சுற்று வைத்தாலும் கடைசியாகப் போகும் அட்டைக்கு ஒப்புகை இருக்காது. 1975-ல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் ஆகியோர் கணினிகளுக்கு இடையிலான செய்திப் பரிமாற்றத்தில் இந்தச் சிக்கலை எடுத்துக்காட்டினார்கள். 1978-ல் ஜிம் கிரே அதற்கு ‘இரு தளபதிகளின் புதிர்’ என்று பெயரிட்டார். செய்திகள் தொலையக்கூடிய ஊடகத்தில், இரு தரப்பும் ஒரே முடிவை எட்டிவிட்டதாக இரு தரப்பும் உறுதியாக அறியும் நெறிமுறை எதுவும் இருக்க முடியாது. ஒளியிழைக் கேபிள் வேகமானாலும் மேகக்கணிமை பெருகினாலும் இந்த முடிவு அசையாது. நிரலர் செய்யக்கூடியது, தெரியாமையைத் தீங்கற்றதாக ஆக்குவது.

அதற்கு முதல் படி, எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துக்கொள்வது. இதை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் அழகாகச் செய்கிறது. அதன் இணைப்புப் பிழைகளில் 2006, 2013 என்ற இரண்டு எண்களை வேர்ட்பிரஸ் நிரலர்கள் அடிக்கடி பார்ப்பார்கள். மேலோட்டமாக இரண்டும் ‘சர்வர் போய்விட்டது’ என்பதுதான். ஆனால் மைஎஸ்க்யூஎல் கையேடு தரும் விளக்கத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. 2006 என்றால், கேள்வியைச் சர்வருக்கு அனுப்ப முடியவில்லை. 2013 என்றால், கேள்வியை அனுப்பும்போது பிழை எதுவும் வரவில்லை, ஆனால் முழுப் பதில் கிடைக்கவில்லை. முதலாவது ‘இல்லை’, இரண்டாவது ‘தெரியவில்லை’. வேர்ட்பிரஸ்ஸின் தரவுத்தள அடுக்கு இந்தக் கோட்டை மதிக்கிறது. 2006 வந்தால் மறுபடி இணைய முயன்று, இணைந்தால் அதே வினவலைத் திரும்ப அனுப்புகிறது. 2013-க்கு அப்படிச் செய்வதில்லை. கையிருப்பிலிருந்து ஒன்றைக் கழி என்ற வினவல் இரண்டு முறை ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்தால், இந்தத் தயக்கத்தின் அருமை புரியும். நீண்ட நேரம் ஓடும் இறக்குமதி பிளகின்களில் 2006 மிகவும் சகஜம். இயல்பமைப்பில் 28,800 நொடிகள், அதாவது எட்டு மணி நேரம் சும்மா இருக்கும் இணைப்பைத்தான் மைஎஸ்க்யூஎல் மூடும். ஆனால் பகிர்வு ஹோஸ்டிங்கில் இந்த எண்ணை மிகவும் குறைத்துவைப்பார்கள். இதில் ஒரு கண்ணியும் உண்டு. பரிவர்த்தனையின் நடுவே இணைப்பு அறுந்து, அடுக்கு சத்தமில்லாமல் மறுபடி இணைந்துகொண்டால், முன்பாதி மாற்றங்களைத் தரவுத்தளம் ரத்துசெய்துவிடும். பின்பாதி புதிய இணைப்பில் தனித்தனியாகப் பதிவாகும். பரிவர்த்தனை பயன்படுத்தும் பிளகின், தொடங்கிய அதே இணைப்பில்தான் முடிக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தானாக மீள்வது எப்போதும் நன்மை என்று நினைப்பது தவறு.

வெளிச் சர்வர்களுக்குப் போகும் எச்டிடிபி கோரிக்கைகளில் இந்தப் பிரிப்பு இன்னும் கடினம். வேர்ட்பிரஸ் பெரும்பாலும் கர்ல் நூலகத்தின் வழியாகத்தான் வெளியே பேசுகிறது. கர்ல் ஒவ்வொரு தோல்விக்கும் எண் தருகிறது. 6 என்றால் அந்தப் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. 7 என்றால் இணைப்பே ஏற்படவில்லை. இரண்டிலும் கோரிக்கை வாசலைத் தாண்டவில்லை. தயங்காமல் மறுபடி முயலலாம். 52 என்றால் மறுமுனை எதுவும் சொல்லாமல் மூடிவிட்டது. 56 என்றால் பதிலைப் பெறும்போது முறிந்தது. இவை ‘தெரியவில்லை’. மிகவும் சிக்கலானது 28, அதாவது காலக்கெடு கடந்தது. இணைவதற்கே நேரம் போதவில்லையா, இணைந்து கோரிக்கையைக் கொடுத்த பின் பதிலுக்குக் காத்திருந்து போதவில்லையா என்பதை எண் மட்டும் சொல்லாது. துரதிர்ஷ்டவசமாக வேர்ட்பிரஸ் இவை அத்தனையையும் ‘கோரிக்கை தோற்றது’ என்ற ஒரே பிழைக்குறியீட்டுக்குள் போட்டு, கர்லின் எண்ணைச் செய்தி வாசகத்துக்குள் மட்டும் விட்டுவைக்கிறது. வாசகத்தைப் பிரித்துப் படித்து முடிவெடுப்பது பலவீனமான அடித்தளம். ஆகவே நிலையை மாற்றும் கோரிக்கைகளில், போகவில்லை என்று திட்டவட்டமாகத் தெரியாத எதையும் ‘தெரியவில்லை’ என்றே வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 502, 504 போன்ற நிலைக்குறிகளோடு பதில் வந்தால் வேர்ட்பிரஸ் அதைப் பிழையாகவே கருதாது. ஒழுங்கான பதிலாக நிரலிடம் கொடுத்துவிடும். ஆனால் 504 சொல்வது என்ன? எனக்குப் பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து எனக்கு நேரத்துக்குப் பதில் வரவில்லை என்று நடுவிலிருக்கும் ஒரு சர்வர் சொல்கிறது. தெரியாமை ஒரு அடுக்கு தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவே.

‘தெரியவில்லை’ என்ற நிலையிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டு: கேட்பது, அல்லது திரும்பச் செய்தாலும் கெடாதபடி செய்வது. எச்டிடிபி வரையறை இரண்டாவதற்கு நெடுங்காலமாகவே இடம் வைத்திருக்கிறது. கெட், புட், டெலீட் ஆகிய முறைகளில் ஒரு கோரிக்கையை ஒருமுறை அனுப்பினாலும் பலமுறை அனுப்பினாலும் சர்வரில் நோக்கப்பட்ட விளைவு ஒன்றே. போஸ்ட் முறைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. பணம் நகர்த்தும் கோரிக்கைகளோ பெரும்பாலும் போஸ்ட்டாகவே போகின்றன. இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஸ்ட்ரைப் போன்ற பேமெண்ட் நிறுவனங்கள் கோரிக்கையோடு ஒரு தனித்த சாவியையும் ஏற்றுக்கொள்கின்றன. அதே சாவியுடன் இரண்டாம் முறை கோரிக்கை வந்தால், வேலையைத் திரும்பச் செய்யாமல் முதல் முறை தந்த பதிலையே சர்வர் மீண்டும் தரும். இதில் பிளகின் எழுதுபவர்கள் அதிகம் தவறுவது வரிசையில். சாவியை உருவாக்கி, ‘இந்த ரீஃபண்ட் அனுப்பப்படவிருக்கிறது’ என்று தன் தரவுத்தளத்தில் முதலில் எழுத வேண்டும். பிறகுதான் கோரிக்கை புறப்பட வேண்டும். அனுப்பும் வரியிலேயே சாவியையும் உருவாக்கினால், வேர்ட்பிரஸ்ஸை ஓட்டும் பிஎச்பி நடுவழியில் இறந்தால் சாவியும் இறந்துவிடும். அடுத்த முயற்சி புதுச் சாவியோடு போகும். மறுமுனைக்கு அது புது ரீஃபண்ட். சாவிகளுக்கும் ஆயுள் உண்டு. ஸ்ட்ரைப் அவற்றைக் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருந்த பின் நீக்கக்கூடும் என்கிறது. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் திரும்ப அனுப்பக் கூடாது; நிலவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எதையும் செய்ய வேண்டும்.

இந்த மூன்றாவது நிலை நிரலர்களின் நுணுக்கக் கவலை அன்று என்பதற்கு இந்திய ரிசர்வ் வங்கியின் விதியே சான்று. 2019 செப்டம்பரில் அது வெளியிட்ட சுற்றறிக்கை, தோல்வியுற்ற பரிவர்த்தனைகளுக்கான கால எல்லைகளை வகுத்தது. இணைய வணிகத்தில் அட்டைக் கணக்கிலிருந்து பணம் கழிந்து, உறுதிச்செய்தி வணிகரின் கணினிக்குச் சேராமல் போனால், ஐந்து நாள்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கழிந்தது, ஆனால் உறுதி சேரவில்லை என்ற அந்த விவரிப்பு, நாம் பேசும் நிலையேதான். அதற்கு அந்த விதி தரும் தீர்வும் கவனிக்கத்தக்கது: குறித்த காலத்துக்குள் அந்த நிலையைத் தானாகச் சரிசெய்வது. பிளகினுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். ‘நிலுவை’ என்ற நிலையில் நிற்கும் பதிவுகளைப் பின்னணி வேலை ஒன்று அவ்வப்போது எடுத்து, மறுமுனையிடம் விசாரித்து, ஆம் என்றோ இல்லை என்றோ மாற்ற வேண்டும்.

‘மூன்று முறை முயன்று பார், பிறகு விடு’ என்ற எளிய சூத்திரம் ஏன் போதாது என்பதை இணையத்தின் சொந்த வரலாறே காட்டுகிறது. 1986 அக்டோபரில், கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜ தூரத்தில், தரவு வேகம் நொடிக்கு 32,000 பிட்டுகளிலிருந்து 40 பிட்டுகளுக்கு விழுந்தது. கம்பிகள் கெடவில்லை. ஒப்புகை தாமதமானதும் தரவு தொலைந்ததாக எண்ணிய கணினிகள் மறுபடி மறுபடி அனுப்பி, நெரிசலில் இருந்த பாதையை இன்னும் நெரித்தன. வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து டிசிபிக்குத் தந்த மாற்றங்களில் ஒன்று, ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் காத்திருக்கும் நேரத்தைப் பெருக்கிக்கொண்டே போவது. பிளகின்களும் அதே படுகுழியை மேலே ஓர் அடுக்கில் தோண்டலாம். பிளகின் மூன்று முறை முயல்கிறது. அது பயன்படுத்தும் நூலகம் ஒவ்வொரு முயற்சியிலும் மூன்று முறை. நடுவிலுள்ள ப்ராக்ஸி மூன்று முறை. ஒரே பொத்தானுக்கு 27 கோரிக்கைகள் மறுமுனையில் போய் விழும், அதுவும் அந்தச் சர்வர் ஏற்கெனவே தள்ளாடும் வேளையில். மறுமுயற்சி ஓர் அடுக்கில் மட்டும் இருக்க வேண்டும். இடைவெளி இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். அந்த இடைவெளியில் தற்செயலும் கலந்திருக்க வேண்டும். தற்செயல் இல்லாவிட்டால், ஒரே நொடியில் அறுந்த ஆயிரம் தளங்களும் ஒரே நொடியில் திரும்பி வந்து மோதும். 1971-ல் ஹவாய்த் தீவுகளை வானொலியால் இணைத்த அலோஹா வலையமைப்பிலேயே, மோதிக்கொண்ட செய்திகள் தற்செயலான நேரம் காத்திருந்து திரும்ப அனுப்பப்பட்டன. மறுமுனையே 503 நிலைக்குறியுடன் ‘இத்தனை நொடி கழித்து வா’ என்று சொன்னால், நம் கணக்கை ஒதுக்கிவிட்டு அதைக் கேட்பதுதான் முறை.

பதில் வரும் வரை காத்திருப்பது யார் என்பதும் முக்கியம். வேர்ட்பிரஸ்ஸின் இயல்பான எச்டிடிபி காலக்கெடு 5 நொடி. சிறியதாகத் தோன்றும். ஆனால் பிஎச்பியில் ஒரு பக்கத்தை உருவாக்கும் வேலையாள் நிரல், பதில் வரும் வரை வேறெதையும் செய்யாது. பத்து வேலையாள்கள் உள்ள சர்வரில், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பிளகின் செத்துப்போன முகவரியை 5 நொடி எட்டிப் பார்த்தால், நொடிக்கு இரண்டு பக்கங்களுக்கு மேல் அந்தத் தளத்தால் தர முடியாது. மூன்றாவதாக வருபவர் வரிசையில் நிற்பார், வரிசை வளரும், எங்கோ இருக்கும் ஒரு வானிலைச் சேவையின் கோளாறு, தொடர்பே இல்லாத ஒரு கடையை மூடிவிடும். பிஎச்பியின் 30 நொடி ஓட்ட வரம்பு காப்பாற்றும் என்று நம்பினால் ஏமாற்றமே. லினக்ஸில் அந்த வரம்பு நிரல் தானே ஓடும் நேரத்தை மட்டுமே எண்ணுகிறது. வலையமைப்புக்காகக் காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது. எனவே காலக்கெடுவைப் பிளகினே தேர்ந்து வைக்க வேண்டும். பார்வையாளர் காத்திருக்கும் பாதையிலிருந்து வெளிக் கோரிக்கைகளை அகற்றிப் பின்னணிக்குக் கொண்டுபோக வேண்டும். வெற்றியைக் கேஷில் வைப்பது எல்லோருக்கும் தெரியும். தோல்வியையும் சில நிமிடங்கள் கேஷில் வைக்க வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். அப்படி வைத்தால், முதல் பார்வையாளர் 5 நொடி இழந்தாலும் அடுத்து வருபவர்கள் இழக்கமாட்டார்கள்.

ஒரு சிறு பிளகினுக்கு இத்தனையும் தேவையா என்ற கேள்வி நியாயமானது. வானிலையையோ நாணய மதிப்பையோ காட்டும் பிளகினுக்குச் சாவியும் வேண்டாம், நிலுவைப் பட்டியலும் வேண்டாம். குறுகிய காலக்கெடு, பழைய மதிப்பைக் காட்டி ‘இத்தனை மணி நிலவரம்’ என்று ஒரு குறிப்பு, இவை போதும். படிக்க மட்டும் செய்யும் கோரிக்கையில் ‘தெரியவில்லை’ என்பதால் யாருக்கும் இழப்பில்லை. ஆனால் மறுமுனையில் எதையாவது மாற்றும் நொடியிலேயே, அது ஓர் ஆர்டரோ மின்னஞ்சலோ சந்தாவோ, அளவு சிறியது என்ற வாதம் விழுந்துவிடுகிறது. உலகின் வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் வேர்ட்பிரஸ்ஸில் இருக்கின்றன. எழுதியவர் பார்த்திராத ஹோஸ்டிங்குகளில், பார்த்திராத ஃபயர்வால்களுக்குப் பின்னால் ஒரு பிளகின் ஓடும். எழுதியவரின் கணினியில் ஒருபோதும் நடக்காத துண்டிப்பு, பத்தாயிரம் தளங்களில் எங்காவது ஒன்றில் தினமும் நடக்கும். அதன் விலையைக் கொடுப்பவர் நிரலின் ஒரு வரியையும் படித்திராத ஒரு சிறு வணிகர். தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசையும் ஒரு சாவியும் கூடுதலாக எழுதும் உழைப்பு, அவருக்குச் செய்ய வேண்டிய கடமையில் சேர்ந்தது. திரையில் வரும் வாசகமும் அந்தக் கடமையில் அடக்கம். ‘ரீஃபண்ட் கோரிக்கை அனுப்பப்பட்டது, உறுதி இன்னும் வரவில்லை, சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், மீண்டும் அழுத்த வேண்டாம்’ என்பது நீளமான வாசகம்தான். ஆனால் அது உண்மை.

பார்வையாளரின் பக்கத்து இணைப்பும் அறுபடும். உலாவியை மூடினாலோ, பயணத்தில் சிக்னல் போனாலோ, பிஎச்பி அதை உடனே அறியாது. எதையாவது திருப்பி அனுப்ப முயலும்போதுதான் அறிந்து, இயல்பமைப்பில் அங்கேயே நிரலை நிறுத்திவிடும். பணம் நகர்ந்து, ஆர்டர் பதியப்படாத இடைவெளியில் அந்த நிறுத்தம் நேரலாம். பார்வையாளர் போனாலும் தொடர்ந்து ஓடு என்று பிஎச்பிக்குச் சொல்ல ஒரு வரி போதும். குறித்த நேர வேலைகளை ஓட்டும் வேர்ட்பிரஸ்ஸின் க்ரான் நிரலே தொடக்கத்தில் அதைச் செய்கிறது.

இதையெல்லாம் சோதிக்காமல் வெளியிடக் கூடாது. சோதிப்பது சிரமமும் இல்லை. வெளிக் கோரிக்கை புறப்படுமுன் குறுக்கிட்டுப் பொய்யான பிழையைத் திருப்பித் தருவதற்கு வேர்ட்பிரஸ்ஸிலேயே ஒரு வடிகட்டி உண்டு. லினக்ஸின் ஃபயர்வால் விதிகளில், மறுத்துச் சொல்வது ஒரு விதம், சத்தமில்லாமல் விழுங்குவது இன்னொரு விதம். இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். முதலாவதில் பிழை உடனே வரும். இரண்டாவதில்தான் காலக்கெடு வேலை செய்கிறதா என்று தெரியும். ஆனால் மிகவும் அவசியமான சோதனை இவை இரண்டிலும் அகப்படாது. அதற்கு, கோரிக்கையை வாங்கி, வேலையை முழுதாகச் செய்து, பதிவேட்டில் எழுதிய பிறகு, ஒரு பைட்டும் பதில் தராமல் இணைப்பை மூடும் ஒரு சோதனைச் சர்வர் வேண்டும். சில பத்து வரிகளில் எழுதிவிடலாம். அதற்கு எதிரே பிளகினை ஓடவிட்டு, மறுமுயற்சிகள் எல்லாம் முடியும் வரை பொறுத்திருந்து, சர்வரின் பதிவேட்டில் எத்தனை வரிகள் விழுந்திருக்கின்றன என்று எண்ண வேண்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால் பிளகின் இன்னும் வெளியிடத் தயாராகவில்லை.